தோலைப் புரட்டாத காலை

மாடு செத்த சேதி வந்தபோது தோல்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, எந்தக் காலை முதலில் தரையில் ஊன்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். வலது முட்டி அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. இடது முட்டி அதைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது.

போனில் பேசியது மகளின் மாமியார்.

"அண்ணே, நம்ம செவலை போயிருச்சு. விடியறதுக்கு முன்னாடியே. நீங்களே வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. வேற யாரும் கை வைக்கறதுக்கு எனக்கு மனசு வரல."

"வரேன் சம்பந்தி. மனசைத் தேத்திக்கங்க."

வேறு வீடாக இருந்தால் போனிலேயே கேட்டிருப்பார். எத்தனை நாளாக நோவு, என்ன மருந்து, யார் பார்த்தது. அழுதுகொண்டிருக்கிற சம்பந்தியிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு காலங்காத்தால?"

"பாப்பா வீட்டு மாடு போயிருச்சாம்."

"அடப் பாவமே. அந்தம்மா அதைப் பிள்ளை மாதிரி வெச்சிருந்துச்சு." கொஞ்சம் நின்றாள். "அங்க போயும் உங்க போலீஸ் கேள்வியெல்லாம் கேட்டு வைக்காதீங்க. பாப்பா வாழற வீடு."

போலீஸ் கேள்வி என்று அவள் சொன்னது அவருடைய உத்தியோகத்தை. ஊர் முடிகிற இடத்தில், ஆற்றுக்கு மேலே, மொட்டைப் பாறை ஒன்று இருக்கிறது. செத்த மாடுகளைக் கொண்டுவந்து, அடிவாரத்துக் கொட்டகையில் தோலை உரித்து, அந்தப் பாறைமேல் போடுவது அவருக்கும் டிராக்டர் ஓட்டுகிற மச்சானுக்கும் வேலை. சாப்பிட வருவது பிணந்தின்னிக் கழுகுகள். ஆபீஸ் காகிதத்தில் பாறு என்று எழுதுவார்கள். இவர்கள் வாய்க்கு வருவது கழுகுதான்.

அந்த இனத்தில் இந்தப் பக்கம் மிஞ்சியிருப்பது ஐம்பத்துமூன்று. ஆற்றங்கரையின் உயர்ந்த மரங்களில் பதினொரு கூடு. வருஷத்துக்கு ஒரு முட்டை, ஒரே ஒரு முட்டை. அது போனால் அந்த வருஷம் போனது. கோழி மாதிரி இன்னொன்று போட்டுச் சரிக்கட்டுகிற பேச்சே கிடையாது. அதுகளுக்கு வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. கூடு கட்ட உயரமான மரம், குளிக்கத் தண்ணீர், மனுஷ நடமாட்டம் இல்லாத இடம், சுத்தமான பிணம். முதல் மூன்றையும் வேலி போட்டு, போர்டு எழுதி, எப்படியோ காத்துவிடுகிறார்கள். நாலாவதில்தான் ஆளுக்கு உயிர் போகிறது.

காரணம் ஒரு வலி ஊசி. மாட்டுக்குக் கால் வீங்கினால், மடி வீங்கினால் போடுவது. மாட்டுக்கு அது கெடுதல் இல்லை. ஆனால் ஊசி போட்ட மாடு இரண்டு மூன்று நாளில் செத்து, அதைக் கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிடும். தலை தொங்கும். அப்புறம் மரத்திலிருந்து விழும். ஒரு மாட்டின்மேல் நாற்பது ஐம்பது கழுகு உட்காரும் என்பதால், ஒரு தப்பான மாடு வந்தால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துபோகும். மாட்டுக்கு அந்த மருந்து கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள். தடை போட்ட காகிதம் எல்லா மருந்துக் கடையிலும் ஒட்டியிருக்கிறது. காகிதம் ஒட்டியிருந்தால் போதுமா?

அதனால்தான் கேள்வி. பதினைந்து நாளுக்குள் எந்த ஊசியாவது போட்டார்களா என்று சொந்தக்காரரைக் கேட்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். ஈரலில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வருவதற்குப் பத்து நாள் ஆகும். அதற்குள் மாடு எலும்பாகியிருக்கும். ஆக, நிஜமாகவே காப்பாற்றுவது தோல்காரரின் கண்தான். உரித்த தோலைப் புரட்டி, உட்பக்கம் மேலே தெரிய விரித்து, கழுத்தையும் பின்தொடையையும் பார்ப்பார். ஊசி ஏறிய இடத்தில் ரத்தம் கட்டி, கட்டைவிரல் ரேகை வைத்தது போல் கறுப்பாக இருக்கும். மேலே ரோமம் மறைத்தாலும் உள்ளே மறையாது. தோல் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர். இந்த வேலைக்கு வந்த ஏழு வருஷத்தில் பொய் சொன்ன பத்தொன்பது பேரைத் தோலை வைத்தே பிடித்திருக்கிறார். அந்தப் பத்தொன்பது வீட்டிலும் அவருக்கு இன்றைக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காது.

சம்பந்தி வீட்டு வாசலில் மாடு கிடந்தது. வலது முன்னங்கால் தடித்துப்போய், தைலம் தேய்த்த பளபளப்பு இன்னும் போகாமல் இருந்தது. மகள் நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு நைட் டூட்டி போனவள் திரும்பவில்லை. நோயாளிகளுக்குக் கட்டுப்போடுகிற, ஊசி போடுகிற உதவியாள் அவள். நிரந்தர வேலைக்கு இன்னும் மூன்று மாதம் பாக்கி.

சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். தோல்காரர் படிவத்தைக் கையில் வைத்துச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. ஒரு வழக்கத்துக்குக் கேக்கறேன். மாட்டு டாக்டர் யாராவது வந்து பார்த்தாரா, ஊசி கீசி போட்டாரா?"

"எந்த டாக்டருண்ணே? கூப்பிட்டா மூணு நாள் கழிச்சு வருவான், வந்து மாட்டைப் பார்க்காம என் மூஞ்சியைப் பார்ப்பான். ஒருத்தனும் வரல. தைலம்தான் தேய்ச்சோம்."

"அது போதும்."

மச்சான் இரும்புச் சங்கிலியை மாட்டிக்கொண்டே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். மற்ற வீடுகளில் இவர் கேட்கிற விதம் அவனுக்குத் தெரியும். "டாக்டரோ, நீங்களோ, கடைக்காரனோ, யார் கையால ஆனாலும் ஊசி ஏறுச்சா இல்லையா" என்று ஆணி அடித்தாற்போல் கேட்பார். இன்றைக்குக் கேள்வியைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். பஞ்சில் சுற்றிய பதில் வந்தது. சம்பந்தியம்மா கையெழுத்துப் போட்டார்.

கொட்டகையில் இருவரும் உரிக்க ஆரம்பித்தார்கள். ஒன்பது நாளாகப் பாறைக்கு மாடு இல்லை. பாதி மாடுகளை உரத் தொழிற்சாலைக்காரன் கொண்டுபோகிறான், மீதியைப் புதைக்கிறார்கள். கூட்டில் குஞ்சுகள் இப்போதுதான் பெரிய தீனி கேட்கிற வயது. நேற்றே மேடம் போன் செய்து, "அண்ணே, ஏதாவது கிடைக்குமா?" என்று கடன் கேட்கிற குரலில் கேட்டிருந்தார். மேடம் என்பது கழுகுகளைக் கணக்கெடுக்கிற அதிகாரி. கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்கும். மச்சான் அவருக்கு வைத்த பெயர் பைனாகுலர் மேடம். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது அவனுடைய ஏழு வருஷச் சந்தேகம்.

தோல் முழுசாகக் கழன்று வந்தது. அதைப் புரட்ட வேண்டிய நேரத்தில் தோல்காரர் ரோமம் வெளியே இருக்கும்படி நாலாக மடித்து, மூலையில் தள்ளினார்.

"பார்க்கலையா மாமா?"

"சம்பந்தி கையெழுத்துப் போட்டிருக்காங்கடா."

"சரிதான். அவங்களையே நம்பலேன்னா யாரை நம்பறது," என்றான் மச்சான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அவருக்கு எங்கேயோ உறுத்தியது. புரட்டிப் பார்ப்பது அந்தம்மாவின் முகத்தைப் புரட்டிப் பார்ப்பது போல் இருந்தது அவருக்கு. முட்டி வேறு விண்விண் என்று தெறித்தது. குனிந்து விரிக்க வேண்டாமே என்று முட்டியும் ஒரு ஓட்டுப் போட்டது.

எட்டு மணிக்கெல்லாம் மாடு பாறைமேல் இருந்தது. வெயில் ஏறிக் காற்று சூடானால்தான் கழுகுகள் எழும்பும், பத்து மணி ஆகும். மச்சான் டீசல் போட டவுனுக்குப் போனான். தோல்காரர் கொட்டகையைக் கழுவிவிட்டு, தோலுக்கு உப்புத் தடவ உட்கார்ந்தார். மடிப்பை விரித்தார். உப்பை அள்ளிய கை அப்படியே நின்றது.

கழுத்தின் வலப்பக்கம் இரண்டு கறுப்புப் புள்ளி. ஒன்று கொஞ்சம் பழசு, ஓரம் பழுப்பேறியிருந்தது. இன்னொன்று புதுசு. கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

முதலில் மகளைத்தான் கூப்பிட்டார். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னாலே வண்டிச் சத்தம்.

"பஸ் ஸ்டாப்ல நிக்கறேன்பா. அத்தை இப்பத்தான் சொன்னாங்க, செவலை போயிருச்சாமே."

"பாப்பா, மாட்டுக்கு ஊசி போட்டியா?"

"ம். முந்தாநாள் ஒண்ணு, நேத்து டூட்டிக்குக் கிளம்பும்போது ஒண்ணு. ராத்திரி பூரா முனகுதுப்பா, மனுஷங்க மாதிரி. கேட்டுட்டு இருக்க முடியல."

"என்ன ஊசி?"

"உங்க முட்டிக்கு எழுதிக் குடுத்தாங்கள்ல, அது. அஞ்சு போட்டுட்டு வயிறு எரியுது வேணாம்னீங்க, மீதியை நான் எடுத்துட்டு வந்து எங்க வீட்டு அலமாரியில வெச்சிருந்தேன். அளவு கூட்டிப் போட்டேன்." ஒரு மூச்சு நிறுத்தினாள். "ஏம்பா?"

"அது மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு கடை கடையா ஒட்டியிருக்காங்களேம்மா."

"அது மாட்டு மருந்தைத்தானே சொல்றாங்க. இது உங்க மருந்து. உங்களுக்கே ஒண்ணும் ஆகல." குரல் மெல்ல இறங்கியது. "ரெண்டும் ஒண்ணாப்பா?"

அவருக்குமே அது இந்த நிமிஷம்தான் உறைத்தது. ஐந்து ஊசியைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு, அந்தத் தெம்பில் இதே கொட்டகையில் குனிந்து நிமிர்ந்து, பத்தொன்பது பேரைப் பிடித்ததில் கடைசி இரண்டு பேரைப் பிடித்திருக்கிறார்.

"நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு. அப்புறம் பேசறேன்," என்று வைத்தார்.

மணி ஒன்பதே முக்கால். மச்சானுக்கு அடித்தார். "வந்துடறேன் மாமா, இங்க வண்டி வரிசை நிக்குது. ஒரு மணி நேரம் ஆகும்." கயிறு போட்டு மாட்டை இறக்க டிராக்டர் வேண்டும். ஒற்றை ஆளாக அந்த மாட்டை ஒரு முழம் நகர்த்த முடியாது. அவரால் ஏறி நிற்கத்தான் முடியும். ஏறினார்.

பாறைக்கு டிராக்டர் போகிற பாதை சுற்று. ஆள் ஏறுகிற ஒற்றையடிப் பாதை அரைக் கிலோமீட்டர்தான். அன்றைக்கு அது அவருக்கு முடிகிற மாதிரி தெரியவில்லை. ஒவ்வொரு பத்தடிக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே முதல் வட்டம் போட ஆரம்பித்திருந்தது ஒன்று. அப்புறம் மூன்று. அப்புறம் எண்ணவில்லை.

அவர் தலை பாறை விளிம்புக்கு மேலே வந்தபோது இரண்டு கழுகுகள் ஏற்கனவே மாட்டின்மேல் இருந்தன. ஒன்று மடிப்பக்கம் தலையை உள்ளே விட்டிருந்தது. அதன் காலில் நீல வளையம். மேடம் போன வருஷம் மாட்டியது, நாலாவது மரத்துக் கூட்டின் சொந்தக்காரர். மற்றது வளையம் இல்லாதது, அடையாளம் சொல்ல முடியாதது.

ஏழு வருஷமாக அந்தப் பாறையில் அவர் இருமியதுகூட இல்லை. வெள்ளைச் சட்டை போடக் கூடாது, வேகமாக நடக்கக் கூடாது, கண்ணோடு கண் பார்க்கக் கூடாது என்று மச்சானை அதட்டி அதட்டிப் பழக்கியவர். அவரைப் பார்த்தால் அதுகள் பறக்காது, கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும், அவ்வளவுதான். இப்போது சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினார். அதை ஓட்டம் என்று அவர் முட்டி ஒத்துக்கொள்ளாது.

"போ! ஏய், போ! போய்த் தொலைங்க!"

நீல வளையம் தலையை வெளியே எடுத்து, என்ன ஆச்சு உனக்கு என்பது போல் பார்த்தது. இரண்டடி தத்தி நின்றது. தொண்டைப் பை லேசாகப் புடைத்திருந்தது. அவர் ஒரு கல்லை எடுத்து எறிந்தார். கல் எங்கேயோ போய் விழுந்தது. அப்போதுதான் அது இறக்கையை விரித்தது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. அதுகள் போகவில்லை. ஒன்பது நாள் பசி. நாற்பதுக்கு மேல் வந்து இறங்கி, கல்லெறி தூரத்தில் அரை வட்டமாக உட்கார்ந்துகொண்டு, கழுத்தைச் சுருக்கி அவரையே பார்த்தன. பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுப்பிவிட்டு, சோற்றுக்குக் காவல் நிற்கிறவனை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் தத்தி வரும். மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேச்சும் தானாக வந்தது.

"என் மூஞ்சியைப் பார்க்காதீங்க. எனக்கு மட்டும் ஆசையா? தின்னா செத்துருவீங்க. சொன்னாப் புரியாது உங்களுக்கு. மனுஷங்களுக்கே புரியல."

நடு நடுவே கல்லெறிந்தார். முதல் கல் யார்மேலும் படக் கூடாது என்று எறிந்தது. கடைசிக் கற்கள் அப்படி இல்லை. ஒன்று ஒரு கழுகின் இறக்கையில் பட்டது. அந்தச் சத்தம், நனைந்த துணியை உதறின மாதிரி ஒரு சத்தம், அவர் காதில் நின்றுபோயிற்று.

மச்சான் வந்தபோது பதினொன்றரை. தோல்காரர் மாட்டின் விலாவில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் சட்டையை வைத்து, ஈ ஓட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னார். மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்தான், அப்புறம் எழுந்து கயிற்றை மாட்டினான். அவன் இழுக்க, இவர் விரட்ட, மாடு கீழே இறங்கியது.

கொட்டகைக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகு மச்சான் மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டா? பாம்பு கடிச்ச மாடுன்னு சொல்லிடுவோம். சந்தேகமா இருந்துச்சு, இறக்கிட்டோம்னு. தோலைப் புதைச்சிருவோம். நல்ல பேருதான் கிடைக்கும்."

"ஈரல் சோதனைக்குப் போகும்."

"ஈரலையும் பாம்பு கடிச்சிருச்சுன்னு சொல்லுவோம்." அவனுக்கே சிரிப்பு வரவில்லை. "பாப்பாவுக்கு மூணு மாசம்தான் பாக்கி. ஆஸ்பத்திரியில காதுல விழுந்துச்சுன்னா, ஊசி போடறவ வெளிய மாட்டுக்கு ஊசி போட்டான்னு சீட்டைக் கிழிச்சிருவாங்க. சம்பந்தி வீட்டுல உங்க மூஞ்சியில முழிப்பாங்களா? கழுகுதானே மாமா. ரெண்டுதான் தின்னுச்சு. மிச்சத்தைக் காப்பாத்திட்டீங்கள்ல."

அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. பாம்பு என்று சொன்னால் மேடம் நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார். நாலாவது மரத்தடிக்குப் போக மாட்டார். நீல வளையம் தலை தொங்கிக் கிடந்தாலும் ஏதோ வயசு, ஏதோ சீக்கு என்பார். வளையம் இல்லாத மற்றதை யாரும் தேடவே மாட்டார்கள். அது வாந்தி எடுத்துக் குஞ்சுக்கு ஊட்டினால் அந்தக் கூட்டையும் யாரும் கேட்க மாட்டார்கள். எது தின்றது என்று தெரிந்த ஒரே ஆள் தோல்காரர்தான். அப்புறம், இதே மருந்து இன்னும் எத்தனை வீட்டு அலமாரியில், எத்தனை பேர் முட்டிக்கு வாங்கி மீந்தது, மாட்டுக்குப் போடக் காத்திருக்கிறதோ. மாட்டு மருந்துக் கடையில்தான் எல்லாரும் காவல் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் மச்சானிடம் சொல்லி விளக்கத் தெம்பு இல்லை. "மேடத்தைக் கூப்பிடு," என்றார்.

மேடம் ஒரு மணிக்கு வந்தார். தோலில் இருந்த இரண்டு புள்ளியையும் குனிந்து பார்த்தார். நோட்டைத் திறந்தார்.

"எது எது சாப்பிட்டுச்சுண்ணே?"

"நீல வளையம். தொண்டை பாதி நிறைஞ்சிருந்துச்சு. இன்னொண்ணு வளையம் இல்லாதது, கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்."

"மருந்து என்னன்னு தெரியுமா?"

"தெரியும். என் முட்டிக்கு வாங்கினது."

பேனா நின்றது. "யாரு போட்டது?"

மச்சான் டிராக்டர் சக்கரத்தில் இல்லாத கல்லை நோண்டிக்கொண்டிருந்தான். தோல்காரர் உப்பு மூட்டையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"என் பொண்ணு. தெரியாம செஞ்சிட்டா. தோலைப் பார்க்காம விட்டது நான். அது தெரிஞ்சு செஞ்சது."

மேடம் கொஞ்ச நேரம் எழுதவில்லை. எழுதாமல் விட்டுவிடுவாரோ என்று மச்சானுக்கு ஒரு ஆசை. அப்புறம் எழுதினார், இரண்டையும் எழுதினார்.

அன்று சாயங்காலம் சம்பந்தியம்மா அவர் மனைவிக்குப் போன் செய்தார். "ஊசி போட்டது நம்ம பொண்ணு. உங்க வீட்டுக்காரரு டாக்டர் வந்தாரான்னுதான் கேட்டாரு, இல்லேன்னேன். நான் பொய் சொன்னேனா? நம்ம வீட்டு மாட்டுக்கு நம்ம வீட்டு ஆளே சாட்சி சொல்லிட்டாரே," என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார். மனைவி "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டு இவர் பக்கம் திரும்பவில்லை, தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

நாலு நாள் மேடமும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் மரம் மரமாகப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் நீல வளையம் கூட்டின் ஓரத்தில் தலையை மார்பில் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெயிலில் தூங்குகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாலாம் நாள் மரத்தடியில் கிடந்தது. மற்றது கிடைக்கவே இல்லை. தப்பித்ததா, வேறு எங்கேயாவது விழுந்ததா, ஒருத்தருக்கும் தெரியாது. நாலாவது மரத்தில் குஞ்சு இருந்தது. அதன் ஜோடி வரும், போகும். இரண்டு பேர் தூக்க வேண்டிய தீனியை இனி ஒன்று தூக்க வேண்டும்.

மகள் ஐந்தாம் நாள் வந்தாள். ஆஸ்பத்திரியில் விளக்கம் கேட்டு எழுதியிருந்தார்கள். சீட்டைக் கிழிக்கவில்லை, மூன்று மாதத்தை ஒரு வருஷம் ஆக்கியிருந்தார்கள். வாசல்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா, நானா போய்ச் சொல்லியிருப்பேனான்னு தெரியலப்பா."

"எனக்கும் தெரியல."

"அத்தை ஒரு வாரத்துக்கு உங்க வீட்டுப் பக்கமே போகாதேன்னாங்க. டூட்டின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"பொய் சொல்லவும் கத்துக்கிட்டியா," என்றார். அவள் லேசாகச் சிரித்தாள். அந்த வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அது.

பன்னிரண்டாம் நாள் சுத்தமான மாடு ஒன்று கிடைத்தது. தோல்காரர் தோலை ஒரு தடவைக்கு மூன்று தடவை புரட்டினார், கையால் தடவிப் பார்த்தார். மாட்டைப் பாறையில் போட்டுவிட்டு, வழக்கம்போல் பாறை ஓரத்துப் புதரடியில் உட்கார்ந்தார்கள். கழுகுகள் வந்தன. வட்டம் போட்டன. இறங்கவில்லை. பத்தரை ஆனது, பன்னிரண்டு ஆனது. சில தாழ வந்து, அவர் இருக்கிற பக்கம் பார்த்து, மறுபடி மேலே போயின.

மேடம் கீழே தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்துவிட்டு ஏறி வந்தார். சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்கினார்.

"அண்ணே, உங்களைத் தெரியுது அதுங்களுக்கு."

"தெரியும் மேடம். பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"கொஞ்ச நாள் ஆகும். ஒரு சீசன் ஆகலாம். அதுவரைக்கும்..."

"எங்க போகணும்னு சொல்லுங்க."

ஊருக்கு மறுபக்கம், ஊசி ஏறிய மாடுகளைப் புதைக்கிற மைதானம் இருந்தது. குழியை மெஷின் தோண்டும். ஓரத்தைச் செதுக்கி, சுண்ணாம்பு தூவி, மூடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். தோலைப் பார்க்கிற வேலைக்கு வேறு ஆள் வருவார், தோல்காரரே வாரத்துக்கு ஒருநாள் கொட்டகையில் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம், பாறைக்கு மட்டும் போகக் கூடாது. மேடம் இதையெல்லாம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொன்னதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே இறங்கிப் போனார். இறங்குவது ஏறுவதைவிட முட்டிக்குக் கஷ்டம். மச்சான் கை கொடுக்க வந்தான். "நீ இங்கயே குனிஞ்சு உட்காரு. அசையாதே," என்று அதட்டிவிட்டுப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தால்தான் அதுகளுக்குச் சாப்பாடு.

மைதானத்தில் மெஷின்காரன் பாதிக் குழியைத் தோண்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். தோல்காரர் மண்வெட்டியைப் பிடித்து ஓரத்தைச் செதுக்க ஆரம்பித்தார். மூன்று மணிக்கு மச்சான் கூப்பிட்டான். ரகசியம் பேசுகிற குரல்.

"இறங்கிருச்சு மாமா. நீங்க கொட்டகையைத் தாண்டின கொஞ்ச நேரத்துலயே."

"எத்தனை?"

"நாப்பத்தாறு வரைக்கும் எண்ணினேன். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, எண்ண முடியல."

"நாலாவது மரத்து ஆளு?"

"மேடம் பார்த்தாங்களாம். தொண்டை நிறைய எடுத்துக்கிட்டுக் கூட்டுக்குப் போச்சாம். திரும்ப வந்து இன்னொரு தடவையும் எடுத்துக்கிட்டுப் போச்சாம்."

"இன்னொரு தடவையுமா?"

"ஆமா மாமா."

"சரி. நீ பேசாதே. வை."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மண்வெட்டிக் காம்பில் தாடையை ஊன்றி நின்றார். ஒற்றை ஆளாக அது எத்தனை நாள் இப்படி இரண்டு நடை நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். குஞ்சு பறக்க இன்னும் ஏழு எட்டு வாரம் இருந்தது. தெரு முனையில், தார்ப்பாய் மூடி, புதைக்க வேண்டிய மாடு ஒன்றை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி மைதானத்துப் பக்கம் திரும்பியது. குழி இன்னும் இடுப்பளவுதான் வந்திருந்தது.